இரண்டாம் முடக்கும் பொலிஸ் ஜீப்பும்

கல்லுமலைச் சந்திப் பொலிஸ் நிலையத்து ஜீப் வண்டியைக் குறை கூறுவது இக்கதையின் நோக்கமன்று என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்ள வேண்டும். சமதரையான வீதியில் அதைப் போன்ற ஒழுக்கமான வாகனத்தை ஊவா மாகாணத்தில் காண்பது அரிது. வெலிமடைப் பக்கத்திலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லொறிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, அது மணவறைக்குப் போகும் மாப்பிள்ளையைப் போல அடக்கமாக நடந்துகொள்ளும். சாரதி வடிவேல் பொலிஸ் சேவையில் சேர்ந்த நாளிலேயே அது அந்நிலையத்தில் மூத்த உத்தியோகத்தராக இருந்தது. அதன் முன்கதவுகளில் ஒன்று திறக்காது; மற்றது மூடாது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாகவே இருந்தது.

அதற்கு இருந்த பலவீனம் ஒன்றே ஒன்றுதான். கல்லுமலைத் தோட்டத்தின் மேற்பிரிவை, அங்குள்ளோர் மேக்கணக்கு என்று அழைப்பர். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேக்கணக்குக்கு ஏறும் வீதியில் முடக்குகள் எனப்படும் செங்குத்தான வளைவுகள் மூன்று உண்டு. முதலாம் முடக்கை ஜீப் சற்று முனகியபடி கடந்துவிடும். இரண்டாம் முடக்கில் நின்றுவிடும். அதன் பின்னர் வேண்டுதலாலோ வசைச்சொல்லாலோ அதை அசைக்க இயலாது. பதுளையிலிருந்து வந்த மெக்கானிக்குகள் பலமுறை அதைத் தட்டையான வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, யாதொரு குறையும் இல்லையென்று சான்றளித்துச் சென்றனர்.

அவ்வாறு நிற்கும் ஜீப்பை மேக்கணக்குக்குக் கொண்டுசேர்ப்பது தோட்ட மக்களின் வழக்கமாகிவிட்டது. யாரும் அவர்களைப் பணிக்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, கை வழுக்காதிருப்பதற்காக அதை ஜீப்பின் பின்பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். ஒவ்வொருவருக்கும் நிலையான இடம் உண்டு. இடதுபுறப் பின்விளக்கு இராமலட்சுமிக்குரியது. அவர் சாரதி வடிவேலின் மனைவி யசோதினியைப் பெற்ற தாயார். ஆகவே அந்த இடத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பியதில்லை. மேக்கணக்குக்கு மருமகளாக வருகின்ற பெண்ணுக்கு ஜீப்பில் ஓரிடம் ஒதுக்காவிட்டால், பெண்வீட்டார் மனத்தாங்கல் கொள்ளுமளவுக்கு அந்த வழக்கம் வேரூன்றியிருந்தது.

குரல் கொடுப்பவர் வீரய்யா. அவர் ஓய்வுபெற்ற கங்காணி, கோயில் தலைவர்; திருவிழாவில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் பொறுப்பும் அவருடையதே. தேர் புறப்பட்டால் நிலைக்கு வந்து சேர வேண்டும்; பாதி வழியில் நின்றால் ஊருக்கு ஆகாது. இந்த விதி அரசாங்க வாகனத்துக்குப் பொருந்தாது என்று அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. எனவே ஜீப் நிற்கும் இடத்தில், தேருக்குப் போடும் அதே முட்டுக்கட்டையுடன் அவர் வந்து நிற்பார்.

இவையெல்லாம் மகிழ்ச்சியாகவே நடந்துவந்தன. கடந்த ஐப்பசியில்தான் வடிவேலின் மகிழ்ச்சி குறைந்தது.

அன்று மழை இரண்டு நாட்களாக விடவில்லை. மேக்கணக்குக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடிய பிறகு அப்படியான எச்சரிக்கையை இந்தப் பக்கத்தில் எவரும் இலேசாக எடுப்பதில்லை. ஜீப்பின் கூரையில் ஒலிபெருக்கியைப் பூட்டிக்கொண்டு, எல்லோரையும் உடனே கீழே இறங்கித் தோட்டப் பாடசாலைக்கு வருமாறு அறிவிக்க வடிவேல் புறப்பட்டார். இரண்டாம் முடக்கில் ஜீப் நின்றது. ஒலிபெருக்கியை எவ்வளவு உயர்த்தி வைத்தும், நடுவிலிருந்த மலை அச்சத்தத்தை லயக் குடியிருப்புகளுக்குப் போக விடவில்லை. ஆனால் ஜீப் நின்ற செய்தி மட்டும் எப்படியோ போய்விட்டது. மேக்கணக்கில் இருந்தவர்கள் அனைவரும் கொட்டும் மழையில் இரண்டாம் முடக்கு வரைக்கும் இறங்கி வந்தார்கள். ஜீப்பை மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். லயத்து வாசலில் நிறுத்தினார்கள். அதன் பின்னர் ஒலிபெருக்கி, எல்லோரையும் கீழே இறங்கும்படி அறிவித்தது. அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் இறங்கினார்கள்.

இறங்கும்போது, சற்று முன்னர் அவர்கள் ஜீப்பைத் தள்ளிவந்த பாதையின் ஓரத்தில் ஒரு பெரிய மண்திட்டு சரிந்து கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மக்கள் அதைச் சிரித்துப் பேசி மறந்துவிட்டார்கள். வடிவேலால் மறக்க இயலவில்லை. அடுத்த மழைக்கும் இதே ஜீப், இதே முடக்கு, தம் மாமியாரின் கை அதே பின்விளக்கில் என்ற எண்ணம் அவரைச் சோறு தின்னும்போதும் விடவில்லை.

நிலையப் பொறுப்பதிகாரி அவர்கள் நல்லவர். வடிவேல் சொன்னதைக் கேட்டு, மேலிடத்துக்குத் தொடர்ந்து எடுத்துரைத்தார். ஈற்றில் ஒரு பதில் கிடைத்தது. வாகனப் பரிசோதகர் மொஹிதீன் அவர்கள் நேரில் வந்து, ஜீப்பை மேக்கணக்கு வீதியிலேயே ஓட்டிப் பார்ப்பார். அது தேறாவிட்டால், பதுளையில் தயாராக நிற்கின்ற புதிய வாகனம் மழைக்கு முன்னரே கல்லுமலைச் சந்திக்கு வரும். தேறிவிட்டால், புதிய வாகனம் வேறொரு நிலையத்துக்குப் போகும். ஜீப் இன்னும் பல ஆண்டுகள் நாட்டுக்குச் சேவை செய்யும்.

செய்தியைத் தெரிவித்த பொறுப்பதிகாரி, இதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்றும் வடிவேலுக்குக் கட்டளையிட்டார். அரசாங்கச் சொத்து கெட்டுப்போக வேண்டுமென்று அரசாங்க உத்தியோகத்தர் ஆசைப்படுவது முறையல்ல. ஆசைப்பட்டாலும் அதைப் பேசுவது அழகல்ல என்பது அவருடைய கருத்து. வடிவேல் கட்டளைக்கு அடங்குபவர். வீட்டில் யசோதினியிடம், நாளைக் காலை மேக்கணக்கு ரோட்டில் ஜீப்புக்குப் பரீட்சை இருக்கிறது என்று மாத்திரம் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. அது எங்கே தேறிவிடுமோ என்ற வாட்டம். யசோதினி அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்.

கல்லுமலைத் தோட்டத்திலிருந்து பொலிஸ் சாரதியான முதலாமவர் வடிவேல். அவருடைய ஜீப் பரீட்சையில் தோற்றால் தோட்டத்துக்கே தலைகுனிவு அல்லவா? யசோதினி உடனே தாயாருக்குக் கைபேசியில் அழைத்தார். இராமலட்சுமி வீரய்யாவிடம் போனார். மறுநாள் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளைதான் தீர்மானிப்பார். ஆனால் கணக்கப்பிள்ளையின் மனைவிக்கும் ஜீப்பின் பின்பக்கத்தில் ஓரிடம் இருந்தபடியால், மறுநாள் வேலை இரண்டாம் முடக்கை ஒட்டிய மலைக்கே வாய்த்தது.

காலையில் பனிமூட்டம் வீதியை மூடியிருந்தது. பரிசோதகர் மொஹிதீன் அவர்கள் மெலிந்த மனிதர். மடிப்புக் குலையாத சட்டையும் பளபளக்கும் சப்பாத்தும் அணிந்திருந்தார். நிலைய வளவிலேயே அவர் பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், ஹோர்னை அடித்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. வண்டியைப் பேணியிருக்கும் விதம் மெச்சத்தக்கது என்று அவர் வடிவேலைப் பாராட்டினார். இத்தனை ஆண்டுகள் தாம் காட்டிய அக்கறையை எண்ணி வடிவேல் முதன்முறையாக வருந்தினார்.

இருவரும் ஏறிப் புறப்பட்டார்கள். முதலாம் முடக்கு கடந்தது. இரண்டாம் முடக்கில், எதிர்பார்த்தபடியே, ஜீப் இருமிவிட்டு நின்றது. வடிவேலின் உள்ளம் குளிர்ந்தது. அவர் முகத்தைத் தகுந்தவாறு சோகமாக்கிக்கொண்டு, வண்டி நின்றுவிட்டது என்று சொல்வதற்காகப் பரிசோதகர் பக்கம் திரும்பினார்.

அப்போது ஜீப் நகர்ந்தது.

சத்தமில்லை. வழக்கமாகக் குரல் கொடுக்கும் வீரய்யாவின் வாயிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை. பனிக்குள் ஜீப் தானாகவே, கனவில் போவதைப் போல மேலே ஏறியது. வடிவேல் இடதுபுறக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளைப் பனியில் ஒரு சிவப்புத் தலைத்துண்டு தெரிந்தது. அது யாருடையது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

பரிசோதகர் சிறிது நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னர் முன்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இன்ஜின் ஓடுதா?"

"இல்ல சார்."

"ஏறுதே."

"ஆமா சார்."

மூன்றாம் முடக்கும் கடந்தது. மேக்கணக்கு லயத்து வாசலில் ஜீப் பதமாக வந்து நின்றது. யாரோ ஒருவர் பின்சக்கரத்துக்குக் கட்டை போடும் மெல்லிய ஓசை கேட்டது.

பரிசோதகர் இறங்கி, நிதானமாகப் பின்பக்கம் நடந்தார். ஏறத்தாழ இருபது பேர் அங்கே நின்றார்கள். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. முழங்கால் வரை சேறு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் இயற்கை அழகை இரசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து ஓடி வருகிறீர்கள் என்று பரிசோதகர் கேட்டார். குளிருக்குச் சும்மா நடந்து வந்ததாக வீரய்யா சொன்னார். கூடைகள் எங்கே என்று கேட்டதற்கு, அவை கீழே நடந்து வருவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பரிசோதகர் கைக்குட்டையால் கைகளைத் துடைத்துக்கொண்டார். தாம் முன் ஆசனத்தில் இருந்ததையும், பனிமூட்டத்தில் எதையும் கண்ணால் காணவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். கண்ணால் காணாததைத் தாம் அறிக்கையில் சேர்ப்பதில்லை என்றும், தள்ளியவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டால் அது வேறு விடயம் என்றும் கூறினார். இல்லையேல் வண்டி ஏறியது ஏறியதுதான்.

"யாராவது கை வெச்சீங்களா?" என்று கேட்டார்.

ஒருவரும் வைக்கவில்லை. ஜீப்பைத் தொட்டுப் பல நாளாகிறது என்றாள் ஒருத்தி. சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்டபோது மட்டும் வீரய்யா பின்வாங்கினார். தாம் கோயில் ஆள் என்பதால், காலையிலேயே சத்தியம் செய்யும் பழக்கமில்லை என்று பணிவாகத் தெரிவித்தார்.

வடிவேலுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. பொறுப்பதிகாரியின் கட்டளை ஒரு பக்கம். தமக்காக வெறுங்காலோடு மலை ஏறித் தள்ளிய சொந்தக்காரர்களை, ஓர் அதிகாரியின் முன்னிலையில் பொய்யர்களாக்குவது மறு பக்கம். அவர் தொண்டையைச் செருமினார். ஜீப் தானாக ஏறவில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

"நீங்க பேசாம இருங்க மாப்பிள்ள," என்றார் இராமலட்சுமி, குரலைத் தாழ்த்தி. "நாங்க பாத்துக்கிறோம்."

"அத்த, நான் சொல்றத..."

"டிரைவர் சார், பேசாம இருங்க." வடிவேல் மீது கோபம் வந்தால்தான் மாமியார் அவரை சார் என்று அழைப்பார்.

பரிசோதகர் பேனாவைத் திறந்தார். வடிவேலுக்கு அந்தச் சிறு ஓசை, மலையில் மண் சரியும் ஓசையைப் போலக் கேட்டது. மேலதிகாரியின் கட்டளையை அவர் தமது சேவையில் முதன்முறையாக மீறினார்.

"அத்த, இது பாஸாச்சுன்னா மழைக்கும் இதேதான் வரும். இதத் தள்ளுறதுக்கு நீங்க மறுபடியும் அந்த முடக்குக்கு எறங்கி வருவீங்க. மண்ணு ஒவ்வொரு தடவையும் ஓரமாவே சரியாது. இது தோத்துப் போகணும்னுதான் நான் இங்க கொண்டாந்தேன்."

அங்கிருந்தவர்கள் இயற்கை அழகை இரசிப்பதை நிறுத்திவிட்டார்கள். இராமலட்சுமி ஜீப்பைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், தம் கையிலிருந்த சேற்றையும் பார்த்தார்.

"இத நேத்தே சொல்றதுக்கு என்னங்க மாப்பிள்ள? பொம்பளப் புள்ளைங்க வெள்ளனவே சாப்பிடாமக்கூட வந்து நிக்கிதுங்க."

பிறகு அவர் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு பரிசோதகரின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நாங்கதாங்க தள்ளுனோம். இன்னைக்கி மட்டுமில்லீங்க, கண்ணாலம் கட்டி வந்த நாள்ல இருந்து தள்ளுறேன். எடது பக்க லைட்டு என்னோடது. நீங்க வேணும்னா எழுதிக்குங்க."

அதன் பின்னர் ஒப்புதல் வாக்குமூலங்கள் வெள்ளமாக வந்தன. வலது விளக்கு, நம்பர் பலகை, மேலதிக டயர் என்று அவரவர் தத்தம் இடத்தை உரிமையோடு அறிவித்தார்கள். நம்பர் பலகையின் விடயத்தில் இரு பெண்களுக்கிடையே சிறு கருத்து வேற்றுமையும் தோன்றியது. சற்று முன்னர் எவருமே தொட்டிராத வாகனத்தில், இப்போது தொடுவதற்கு இடமே மிச்சமிருக்கவில்லை.

மொஹிதீன் அவர்கள் முழுவதையும் கேட்டார். எனினும் அவர் விதிகளைப் பேணுபவர். தள்ளப்பட்ட வாகனத்தைத் தேறியது என்று சொல்ல இயலாததைப் போலவே, தேறவில்லை என்றும் சொல்ல இயலாது. அது தானாக என்ன செய்கிறது என்பதைத் தாம் இன்னும் பார்க்கவில்லையே. ஆகவே ஜீப் கீழே போய் மறுபடியும் ஏற வேண்டும். இம்முறை தாம் இரண்டாம் முடக்கில் வீதியோரத்தில் நின்று பார்ப்பார். ஒருவர் கையும் அதன்மீது படக் கூடாது.

ஜீப் கீழே இறங்கியது. இறங்குவதில் அதற்கு எந்தக் காலத்திலும் குறை இருந்ததில்லை. மக்கள் இரண்டாம் முடக்கில் வரிசையாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பனி சற்றே விலகியிருந்தது.

கீழிருந்து உறுமல் கேட்டது. முதலாம் முடக்கைத் தாண்டி ஜீப் மெல்ல மெல்ல வந்தது. இரண்டாம் முடக்கில் மூக்கை நுழைத்தது. இருமியது. நிற்கவில்லை.

மக்கள் திகைத்துப் போனார்கள். அது இன்னும் கொஞ்சம் ஏறியது. இராமலட்சுமி கண்களை மூடிக்கொண்டு, நின்றுவிடும்படி அம்மனை வேண்டினார். இத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று, நிற்காதே நிற்காதே என்று வேண்டிய பெண்கள் அனைவரும் இப்போது வேண்டுதலைத் திருப்பிப் போட்டார்கள். ஜீப் ஒரு முழம் ஏறியது, மறுமுழத்துக்கு யோசித்தது, உடல் முழுவதும் குலுங்கியது, பின்னர் பெருமூச்சு விட்டதைப் போல ஓய்ந்தது.

வடிவேல் உள்ளே பிரேக்கை மிதித்தபடி அசையாமல் இருந்தார். வண்டி சரிவில் அரை அடி பின்னால் வந்து பிடித்துக்கொண்டது.

அந்த அரை அடிதான் பொல்லாததாக இருந்தது. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தது. படங்கை அவிழ்க்கப் போன கைகளைப் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வீரய்யா கைகளை ஒழுங்காகவே பின்னால் கட்டியிருந்தார்; ஆனால் அவருடைய கால், முட்டுக்கட்டையைப் புல்லுக்குள்ளால் சக்கரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. இராமலட்சுமி அந்தக் காலின் மேல் ஏறி நின்றார்.

"எடுங்க காலை."

"தேரு பாதியில நிக்கிது புள்ள."

"நிக்கட்டும். இது தேரு இல்ல, ஜீப்பு."

வீரய்யா வாயை மூடிக்கொண்டார். கண்களையும் மூடிக்கொண்டார். வடிவேல் சாவியைத் திருப்பினார், ஜீப் கரகரத்தது, மறுபடி திருப்பினார், கரகரப்பும் இல்லை. பரிசோதகர் அவசரப்படவில்லை. ஒரு மனிதர் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தனை நேரமும் ஒரு கைகூட நீளவில்லை. கணக்கப்பிள்ளையின் மனைவி மட்டும், இதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தம்மால் முடியாது என்று சொல்லி, தேயிலைச் செடிப் பக்கம் திரும்பி நின்றார்.

பரிசோதகர் பேனாவை மூடினார்.

"வண்டி சரியில்லன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "நல்லா உழைக்குது. ஆனா இருபது பேரோடதான் உழைக்குது. அந்த இருபது பேரையும் பொலிசுக்கு எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. அதனால வண்டிய எடுத்துர்றேன்."

"பென்சன் இருந்தா நாங்க வர்றோம்ங்க," என்றார் இராமலட்சுமி.

பரிசோதகர் அதற்கும் தமக்கு அதிகாரமில்லை என்று வருத்தத்துடன் தெரிவித்தார். மழைக்கு முன்னர் புதிய வாகனம் வந்துவிடும் என்றார். வடிவேல் ஜீப்பிலிருந்து இறங்கினார். சிரிக்க வேண்டுமா, எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாதவராய், ஜீப்பின் மூடாத கதவை மூட முயன்றுகொண்டிருந்தார். பின்னர் எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றை மட்டும் சொன்னார். புதிய வண்டியும் என்றாவது ஒருநாள் நிற்கலாம். எந்த வண்டி எங்கே நின்றாலும், எச்சரிக்கை வந்துவிட்டால், அவர்கள் அதைத் தாண்டிக் கீழே போய்விட வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அவர்கள் சரி என்றார்கள். வீரய்யா சரி என்பதற்குச் சற்றுத் தாமதித்தார். இராமலட்சுமி அவருடைய காலை மறுபடி பார்த்ததும், அவரும் சரி என்றார்.

மேக்கணக்கில் பரிசோதகருக்காக வடையும் தேநீரும் தயாராக இருந்தன. ஜீப்போ இரண்டாம் முடக்கில் வீதியை மறித்துக்கொண்டு நின்றது. பரிசோதகர் தமது சப்பாத்தையும், மேலே ஏறும் சேற்று வீதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா," என்றார் இராமலட்சுமி, படங்கின் முடிச்சில் கை வைத்தபடி. "பரீட்ச முடிஞ்சிருச்சில்லீங்களா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப இப்ப தள்ளலாங்களா?"

பரிசோதகர் யோசித்தார். கழிக்கப்பட்ட வாகனத்தைத் தள்ளுவதற்கு எதிராகத் தமக்குத் தெரிந்த விதி எதுவும் இல்லை என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் படங்குகள் அவிழ்ந்துவிட்டன. அவரவர் தத்தம் இடத்துக்கு ஓடினார்கள். நம்பர் பலகைக்காகச் சண்டையிட்ட இருவரும் ஆளுக்கொரு கையை வைத்துச் சமாதானமானார்கள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த குரலை வீரய்யா வயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்; அது பனியைக் கிழித்துக்கொண்டு கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு வரைக்கும் போயிற்று.

ஜீப் அசைந்தது. மொஹிதீன் அவர்கள், தமது பதவிக்குரிய கண்ணியத்துடன், முன் ஆசனத்திலேயே அமர்ந்திருந்தார். ஆயினும் முடக்கு செங்குத்தாக எழும்பிய இடத்தில், வண்டிக்குக் கொஞ்சம் உதவியாக இருக்கட்டுமென்றோ என்னவோ, இரு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, பற்களைக் கடித்து, அவரும் தள்ளிக்கொண்டிருந்தார்.